மரவகை கூடினா 'பயோடைவர்சிட்டி கூடிடுச்சு'ன்னு எழுதலாமா? அந்த வார்த்தைக்கு உண்மையான அர்த்தம் என்ன?

தட்டான்:
வணக்கம் மக்களே. ஒரு அமைப்போட ஆண்டறிக்கைய திருத்தித் தர்ற வேலை வந்திருக்கு. அதுல ஒரு வரி என்னை ரொம்ப நேரமா நகர விடல. "வெறும் புல்லாகக் கிடந்த நிலத்தில் பல மரவகைகளை நட்டதன் மூலம் அங்குள்ள பல்லுயிர்ப் பெருக்கம் இருமடங்காகியுள்ளது." கேட்டா, முன்னாடி இருந்த மரவகை எண்ணிக்கை இவ்ளோ, இப்போ அதைவிட ரெண்டு மடங்கு, அதான் கணக்குன்னு சொல்றாங்க. மரவகை கூடினது உண்மைதான், அதுல சந்தேகமில்ல. ஆனா அதை பயோடைவர்சிட்டி கூடினதா சொல்லலாமா? இந்த வார்த்தைய எல்லா இடத்துலயும் பாக்குறோம், காடுன்னு சொல்ல வேண்டிய இடத்துலயும் இதான், விலங்குன்னு சொல்ல வேண்டிய இடத்துலயும் இதான், பசுமைன்னு சொல்ல வேண்டிய இடத்துலயும் இதான். விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.

சிலந்திவலை:
எங்களுக்கு பாடத்துல மூணு நிலைன்னு சொல்லிக்குடுத்தாங்க, ஜீன், ஸ்பீசிஸ், எக்கோசிஸ்டம். ஆனா பரீட்சைல எழுதுறப்போ எல்லாரும் "பூமியில் உள்ள பலவகை உயிரினங்கள்"னு ஒரே வரில முடிச்சிடுவோம், அதுக்கே மார்க் கிடைச்சிடும்.

வேர்முடிச்சு:
தட்டான், நீங்க நின்ன இடம் சரியான இடம். சிலந்திவலை சொன்ன மூணு நிலைல இருந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா அது பாடப்புத்தகம் கண்டுபிடிச்சது இல்ல, 1992-ல ரியோ மாநாட்டுல கையெழுத்தான பல்லுயிர் உடன்படிக்கையோட 2-வது பிரிவுலயே இருக்கு. அது என்ன சொல்லுதுன்னா, நிலம், கடல், மத்த நீர்நிலைன்னு எல்லா இடத்துலயும் இருக்கிற உயிரிகளுக்கு இடையில உள்ள வேறுபாடு, அதுக்குள்ள ஒரே இனத்துக்குள்ள இருக்கிற வேறுபாடும் சேத்தி, இனங்களுக்கு நடுவுல இருக்கிற வேறுபாடும் சேத்தி, சூழல் அமைப்புகளுக்கு இடையில இருக்கிறதும் சேத்தி. கவனிச்சு பாருங்க, 'உயிரினங்கள்'னு சொல்லல, 'வேறுபாடு'ன்னு சொல்லுது. புலி பயோடைவர்சிட்டி இல்ல, ஆலமரம் பயோடைவர்சிட்டி இல்ல. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ வித்தியாசமா இருக்கு, அந்த வித்தியாசம் எப்படி பரவி இருக்குங்கிறதுதான் அது.

சரி, ஸ்பீசிஸ் நிலைய மட்டும் எடுத்துக்கிட்டாலும் எண்ணிக்கை பாதிக்கதைதான். ரெண்டு துண்டு நிலம், ஒவ்வொண்ணுலயும் 100 மரம், ரெண்டுலயும் 10 வகைன்னு வச்சுக்குங்க. முதல் நிலத்துல வகைக்கு பத்து பத்தா இருக்கு. ரெண்டாவதுல ஒரே வகை 91 மரம், மத்த ஒம்போது வகையும் ஆளுக்கு ஒண்ணு. லிஸ்ட் எடுத்தா ரெண்டும் 10. ஆனா ரெண்டாவதுக்குள்ள நடந்து போனா ஒரே மரத்தைத்தான் திரும்பத் திரும்ப பாப்பீங்க. 1949-ல சிம்சன் குடுத்த முறைல (தற்செயலா ரெண்டு மரத்தை எடுத்தா ரெண்டும் ஒரே வகையா இருக்க வாய்ப்பு எவ்ளோன்னு பாக்குறது) போட்டு அதை வகை எண்ணிக்கையா திருப்பினா, முதல் நிலத்துக்கு 10 வரும், ரெண்டாவதுக்கு 1.2 தான் வரும். 1973-ல ஹில் இந்த மாதிரி அளவுகள் எல்லாத்தையும் ஒரே குடும்பமா கோர்த்து குடுத்தார், இன்னிக்கு ஆய்வுக் கட்டுரைகள்ல அதைத்தான் நிறைய பயன்படுத்துறாங்க.

உங்க ரிப்போர்ட்ல எத்தனை வகைன்னு மட்டும் இருக்கா, எந்த வகை எத்தனைன்னு இருக்கா? அதைவிட முக்கியமா, புல்லு எத்தனை வகை இருந்துச்சுன்னு யாராவது எண்ணினாங்களா?

தட்டான்:
புல்லை எண்ணல. மரம் மட்டும்தான்.

ஆந்தைக்கண்:
எனக்கு ஒரு அடிப்படை சந்தேகம் இருக்கு, யாரையும் குத்திக்காட்ட சொல்லல. காட்டைக் காப்பாத்துவோம், விலங்கைக் காப்பாத்துவோம்னு சொன்னா எல்லாருக்கும் புரியுது. அதை விட்டுட்டு மூணு நிலை, நாலு அளவுகோல், அஞ்சு இண்டெக்ஸ்னு இருக்கிற ஒரு வார்த்தைய எதுக்கு பிடிச்சிட்டு தொங்கணும்? எல்லாத்தையும் உள்ள இழுத்துக்கிற வார்த்தை கடைசில எதையும் சொல்லாத வார்த்தையா ஆகிடும். தட்டானோட ரிப்போர்ட்ல நடந்திருக்கிறதும் அதுதான்னு நினைக்கிறேன். அவங்க பொய் சொல்லல, வார்த்தை அவ்ளோ தளர்வா இருக்கு.

வேர்முடிச்சு:
ஆந்தைக்கண் அண்ணா, நியாயமான கேள்வி. வார்த்தை எப்படி வந்துச்சுன்னு பாத்தா பாதி பதில் அதுலயே இருக்கு.

1980 வாக்குல தாமஸ் லவ்ஜாய் மாதிரி உயிரியல் ஆளுங்க 'பயலாஜிக்கல் டைவர்சிட்டி'ன்னு எழுத ஆரம்பிச்சிருந்தாங்க. 1986 செப்டம்பர்ல வாஷிங்டன்ல ஒரு பெரிய கூட்டம், அதுக்கு ஏற்பாடு பண்ண வால்டர் ரோசன்தான் ரெண்டு வார்த்தைய ஒண்ணா சுருக்கி பயோடைவர்சிட்டின்னு ஆக்கினார். அந்தக் கூட்டத்து கட்டுரைகளை தொகுத்த எட்வர்ட் வில்சனுக்கே முதல்ல அந்த சுருக்கம் பிடிக்கல, விளம்பர வார்த்தை மாதிரி இருக்குன்னு தயங்கினார். 1988-ல புத்தகம் அதே பேர்ல வந்துச்சு, அடுத்த நாலு வருஷத்துல அந்தக் கருத்து உலக உடன்படிக்கைக்குள்ளயே போயிடுச்சு. ஆக, பிறக்கும்போதே அது பாதி அறிவியல் வார்த்தை, பாதி மக்களை கவனிக்க வைக்கிற வார்த்தை. உங்க எரிச்சலுக்கு காரணம் அந்த ரெண்டாவது பாதி.

ஆனா அதுக்கு முன்னாடி என்ன நிலைமைன்னு யோசிங்க. காப்பாத்துறதுன்னா பெரிய விலங்கு, அழகான விலங்கு, வேட்டையாடக் கூடிய விலங்கு. மண்ணுக்குள்ள இருக்கிற பூஞ்சை, ஆத்துல இருக்கிற மட்டி, ஒரே நெல்லோட ஆயிரம் ரகம், இதெல்லாம் 'காடு விலங்கு'ங்கிற பேச்சுக்குள்ள வரவே வராது. வார்த்தை அகலமா இருக்கிறது குறை இல்ல, நாம அதைச் சொல்றப்போ எந்த நிலைல, எந்த இடத்துல, எதோட ஒப்பிட்டுன்னு சொல்லாம விடுறதுதான் குறை. அந்த மூணும் சேந்து வந்தா இது ரொம்ப கறாரான வார்த்தை.

இலைநரம்பு:
நான் விதை சேகரிப்பு பக்கம் வேலை பாக்குறவ, அதனால ஜீன் நிலைய பத்தி பேசாம போக முடியல. மூணு நிலைல எல்லாரும் ஒரு வரில தாண்டிப் போறது இதைத்தான்.

1970-கள்ல ஆசியாவுல நெல்லுக்கு ஒரு வைரஸ் வந்துச்சு, புல் குட்டை நோய்னு சொல்லுவாங்க, புகையான் பூச்சி மூலமா பரவும். பயிர் குட்டையா, புல் கத்தை மாதிரி நின்னுடும், கதிர் உருப்படியா வராது. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் கைல இருந்த 6,000-க்கும் மேல ரகங்களை எடுத்து சோதிச்சுப் பாத்தாங்க, எதுவும் தாங்கல. தாங்கினது ஒரே ஒரு மாதிரி. அதுவும் பயிர் நெல் இல்ல, ஒரைசா நிவாராங்கிற காட்டு நெல், இந்தியாவுல உத்தரப் பிரதேசத்துல எடுத்தது. சாப்பாட்டுக்கு யாரும் அதை விதைக்க மாட்டாங்க, மணி தானா உதிர்ந்து போகும். அதோட எதிர்ப்பு குணத்தை அந்த நிறுவனத்துல இருந்த குர்தேவ் குஷ் குழு பயிர் நெல்லுக்குள்ள கொண்டுவந்து, 1976-ல வந்த ஐஆர் 36 ரகம் வரைக்கும் போச்சு.

இப்போ யோசிச்சுப் பாருங்க, அந்த ஒரு மாதிரி கிடைக்காம போயிருந்தா ஒரு ஸ்பீசிஸ் கூட அழிஞ்சதா எந்த லிஸ்ட்லயும் வந்திருக்காது. ஒரைசா நிவாரா வேற எங்கயோ இருக்கத்தான் போகுது. ஸ்பீசிஸ் கணக்குல நஷ்டம் பூஜ்யம். இழந்தது ஒரே இனத்துக்குள்ள இருந்த ஒரு வேறுபாடு மட்டும்தான், ஆனா அதை நம்பித்தான் வயல் இருந்துச்சு.

எதிர்ப்பக்கமும் ஒண்ணு சொல்றேன். 1970-ல அமெரிக்காவுல மக்காச்சோள இலைக்கருகல் வந்து அந்த வருஷ விளைச்சல்ல சுமார் 15% போச்சு. ஏன்னா நாட்டு மக்காச்சோளத்துல பெரும்பகுதி, 85% வரைக்கும்னு சொல்றாங்க, விதை உற்பத்திக்கு வசதியா இருக்குன்னு ஒரே வகை சைட்டோபிளாசத்துல (செல்லுக்குள்ள உட்கருவைச் சுத்தி இருக்கிற பகுதி) இருந்து வந்தது. விதைப் பை வேற வேற கம்பெனி, பேரு வேற வேற, உள்ள எல்லாம் ஒரே பலவீனம்.

காட்டு விலங்குக்கும் இதே கதைதான். சிறுத்தைப்புலி இல்ல, வேகமா ஓடுற சீட்டா, அதுங்க ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ ஒத்துப் போகுதுன்னா, உறவே இல்லாத ரெண்டு சீட்டாவுக்கு நடுவுல தோல் ஒட்டுப் போட்டப்போ உடம்பு அதை வேத்துத் தோலா பாக்கல, ஏத்துக்கிச்சு. 1980-கள்ல ஸ்டீபன் ஓ'பிரையன் குழு செஞ்ச சோதனை. புளோரிடாவுல இருந்த பூமா கூட்டம் 20, 30-ன்னு சுருங்கி, வால் நுனி வளைஞ்சு, இதயத்துல ஓட்டையோட குட்டி பிறக்க ஆரம்பிச்சப்போ, 1995-ல டெக்சாஸ்ல இருந்து எட்டு பெண் பூமாவ கொண்டுவந்து விட்டாங்க. அதுக்கப்புறம்தான் கூட்டம் நிமிந்துச்சு, இப்போ நூத்தைத் தாண்டி இருக்கு.

இன்னொரு எண்ணும் மனசுல வச்சுக்கோங்க. உலகத்துல உணவுக்காக சாகுபடி பண்ணப்பட்ட தாவர இனம் சுமார் 6,000, அதுல ஒம்போதே ஒம்போது பயிர்தான் மொத்த பயிர் உற்பத்தில 66% தருதுன்னு உணவு வேளாண் அமைப்பு 2019-ல சொல்லுச்சு. அந்த ஒம்போதுக்குள்ள எத்தனை ரகம் மிச்சம் இருக்குங்கிறதுதான் எங்க மாதிரி ஆளுங்களுக்கு தூக்கம் வராம பண்ற விஷயம்.

கடல்நண்டு:
இலைநரம்பு அக்கா அருமையா எழுதிட்டீங்க. நான் மூணாவது நிலைக்கு வரேன், அதாவது யாரு யாரைத் தின்னு யாருக்கு இடம் விடுறாங்கங்கிற உறவு. லிஸ்ட் வச்சு இது புரியவே புரியாது.

ராபர்ட் பெய்ன்னு ஒரு சூழலியலாளர், 1963-ல அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலக் கடற்கரைல, அலை வந்து வந்து போற பாறைல ஒரு சின்ன பட்டையத் தேர்ந்தெடுத்தார், சுமார் எட்டு மீட்டர் நீளம், ரெண்டு மீட்டர் அகலம். அந்தப் பட்டைல இருந்த நட்சத்திர மீனை எல்லாம் கடப்பாரையால நெம்பி எடுத்து கடல்ல வீசிட்டார். திரும்ப வந்தா திரும்ப வீசுவார். பக்கத்துலயே இன்னொரு பட்டைய தொடாம விட்டார். தொடாத இடத்துல எல்லாம் அப்படியே இருந்துச்சு. வீசின இடத்துல மட்டி மெதுவா கீழ்நோக்கி பரவ ஆரம்பிச்சுச்சு, பாசிய தள்ளுச்சு, நத்தைய தள்ளுச்சு, ஒட்டிட்டு வாழ்ற மத்ததை எல்லாம் தள்ளுச்சு. 15 இனம் இருந்த பாறைல எட்டுதான் மிச்சம். எடுத்தது ஒரு இனம், போனது கூடவே ஏழு. 1966-ல அதை எழுதினார், அப்புறம்தான் இப்படி தான் போனா மத்ததையும் கவுத்துடுற இனத்துக்கு 'கீஸ்டோன்' இனம்ங்கிற பேர் வந்துச்சு. அதனால பயோடைவர்சிட்டின்னு சொல்றப்போ எத்தனை பேருங்கிறதோட யாரு என்ன வேலை பாக்குறாங்கங்கிறதும் உள்ள வருது.

சேக்குறதும் ஆபத்துதான், தட்டானோட கேள்விக்கு இது நேரடியா வரும். ஆப்பிரிக்காவுல விக்டோரியா ஏரி, அங்க மட்டுமே இருந்த நூத்துக்கணக்கான சிக்லிட் மீன் வகை. 1950-கள்ல நைல் பெர்ச்னு ஒரு பெரிய மீனை உள்ள விட்டாங்க. அன்னிக்கு யாராவது லிஸ்ட் எடுத்திருந்தா ஏரியோட மீன் இனம் ஒண்ணு கூடியிருக்கும். 1980-கள்ல பெர்ச் பெருகி, தண்ணியும் கெட்டு, சுமார் 200 சிக்லிட் வகை மறைஞ்சு போச்சுன்னு மதிப்பிடுறாங்க. அதுங்க உலகத்துல வேற எங்கயும் கிடையாது.

தட்டான்:
இதெல்லாம் படிச்சதுக்கு அப்புறம் அந்த 'வெறும் புல்'ங்கிற ரெண்டு வார்த்தைதான் உறுத்துது. புல் நிலம்னா உண்மையிலேயே வெறும் நிலமா? அங்க என்ன இருக்கும்?

வேர்முடிச்சு:
வெறும் நிலமே இல்ல. கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இந்த விஷயத்துல நல்ல மனசோட நிறைய கெடுதல் நடக்குது.

உலகத்துலயே குறிப்பிட்ட அளவு நிலத்துல அதிக தாவர இனம் எங்க இருக்குன்னு 2012-ல ஒரு குழு தொகுத்துச்சு. ஒரு ஹெக்டேர் எடுத்துக்கிட்டா மழைக்காடுதான், ஈக்வடார்ல 942 இனம். ஆனா ஒரே ஒரு சதுர மீட்டர்னு பாத்தா முதலிடம் காட்டுக்கு இல்ல, அர்ஜென்டினாவுல ஒரு மலைப் புல்வெளிக்கு, 89 இனம். குனிஞ்சு உக்காந்து ஒரு கை அகலத்துக்கு பாத்தாதான் தெரியும், நின்ன இடத்துல இருந்து பாத்தா எல்லாம் பச்சை இல்லனா காவி, அவ்ளோதான்.

பழைய புல்வெளின்னா அதுல பாதி உயிர் மண்ணுக்கு கீழ இருக்கும், கிழங்கா, தடிச்ச வேரா, தீ வந்தாலும் மேய்ச்சல் வந்தாலும் திரும்ப முளைக்கிற மாதிரி. அதுங்களுக்கு வேண்டியது வெயில். மரம் நிழல் குடுத்தா முதல்ல போறது அதுங்கதான், அப்புறம் அதை நம்பி இருக்கிற பூச்சி, தரைல கூடு கட்டுற பறவை. பிரேசிலோட செர்ராடோ சவன்னால (அங்கங்க மரம் நிக்கிற புல்வெளி) தீய முழுசா தடுத்து மரம் அடர்ந்து வர விட்ட இடங்கள்ல என்ன ஆச்சுன்னு 2017-ல ஒரு ஆய்வு வந்துச்சு, தாவர இனம் 27%, எறும்பு இனம் 35% குறைஞ்சிருந்துச்சு. அங்க யாரும் வெட்டல, யாரும் விஷம் தெளிக்கல, மரம் கூடுச்சு அவ்ளோதான்.

உங்க ரிப்போர்ட்ல இருக்கிற நிலம் எந்த மாதிரின்னு எனக்குத் தெரியாது. காட்டை அழிச்சதுக்கு அப்புறம் புல் முளைச்ச இடமா இருந்தா மரம் நடுறது சரியாவே இருக்கலாம், அதுவும் அந்த இடத்து மரமா இருந்தா ரொம்ப நல்லது. காலங்காலமா புல்வெளியா இருந்த இடமா இருந்தா, அந்த வரி சொல்றதுக்கு நேர் எதிரானது அங்க நடந்திருக்கலாம். எது நடந்துச்சுன்னு சொல்ல நடுறதுக்கு முன்னாடி புல்லையும் பூச்சியையும் பறவையையும் பாத்திருக்கணும். அது இல்லாம 'இருமடங்கு'ங்கிற வார்த்தைக்கு ஆதாரம் கிடையாது.

ஆந்தைக்கண்:
கேள்வி கேக்குறதுக்கு மன்னிச்சிடுங்க, ஆனா விடாம கேக்கணும்னு தோணுது. நியூசிலாந்துல சொந்தத் தாவரம் சுமார் 2,000 வகை, வெளிய இருந்து வந்து தானா பரவி நிலைச்சது இன்னொரு 2,000 வகை. சொந்தத் தாவரத்துல முழுசா அழிஞ்சது விரல் விட்டு எண்ணுற அளவுதான். அப்போ அந்த தீவோட தாவர பயோடைவர்சிட்டி இரட்டிச்சிடுச்சுன்னு ஒருத்தர் சொன்னா எங்க தப்பு? எண்ணிக்கை, இனம், இடம் மூணையும் சொல்லிட்டார். இன்னொண்ணு, பூமில இதுவரைக்கும் வாழ்ந்த இனங்கள்ல பெரும்பாலானது அழிஞ்சு போனதுதானே, இயற்கை திரும்ப நிரப்பிக்கும்ல?

கணக்கன்:
இதுவரைக்கும் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இந்த இடத்துல வரேன்.

ஆந்தைக்கண், அவர் சொன்னது தப்பில்ல, பாதில நின்னுட்டார். 1960-ல ராபர்ட் விட்டேக்கர் இதை மூணாப் பிரிச்சார். ஒரு இடத்துக்குள்ள இருக்கிறது ஆல்ஃபா, இடத்துக்கு இடம் மாறுறது பீட்டா, மொத்தமா ஒரு பெரிய பரப்புல இருக்கிறது காமா. ரெண்டு தீவு, ஆளுக்கு 50 இனம்னு வைங்க. ரெண்டுலயும் அதே 50-ன்னா மொத்தம் 50. எல்லாமே வேற வேறன்னா மொத்தம் 100. ஒவ்வொரு தீவுலயும் நின்னு எண்றவருக்கு ரெண்டும் ஒண்ணுதான், 50.

இப்போ உலகம் பூரா அதே சில நூறு களைகள், அதே எலி, அதே பூனை, அதே பைன், யூகலிப்டஸ் போய் சேர்ந்தா ஒவ்வொரு இடத்துலயும் ஆல்ஃபா ஏறும். இடத்துக்கு இடம் இருந்த வித்தியாசம், பீட்டா, இறங்கும். நியூசிலாந்துக்கு வந்த அந்த 2,000-ம் வேற எங்கயோ ஏற்கனவே இருக்கிறது, அதனால உலகக் கணக்குல ஒண்ணும் கூடல. அதே நியூசிலாந்துல எலியும் ஸ்டோட்டும் (கீரி மாதிரி ஒரு வேட்டை விலங்கு) மனுஷனும் போன பிறகு பறக்காத பறவைகள் எத்தனையோ போச்சு, மோவா உட்பட, அது உலகக் கணக்குலயே கழிஞ்சது. தாவரத்தை மட்டும் எண்ணினா ஒரு கதை, பறவைய எண்ணினா இன்னொரு கதை. வார்த்தைய தாவரத்துக்கு மட்டும் சுருக்கினா 'தாவர இன எண்ணிக்கை'ன்னு எழுதணும், அது நேர்மை.

அழிவு எப்பவும் இருந்துச்சுங்கிறது உண்மை. கேள்வி வேகத்தைப் பத்தினது. கடந்த ஒரு கோடி வருஷ சராசரியவிட இப்போ பத்துக்கணக்கான மடங்குல இருந்து நூத்துக்கணக்கான மடங்கு வரைக்குமாவது வேகமா இருக்குன்னு 2019-ல ஐபிபிஈஎஸ் (உயிர்ப்பன்மயம் பத்தி பல நாட்டு அரசுகள் சேந்து வச்சிருக்கிற அறிவியல் அமைப்பு) அறிக்கை சொல்லுது. இயற்கை திரும்ப நிரப்பும், முன்னாடி அஞ்சு தடவை நடந்த பேரழிவுக்கு அப்புறம் நிரப்புச்சு, ஆனா ஒவ்வொரு தடவையும் லட்சக்கணக்குல, கோடிக்கணக்குல வருஷம் எடுத்துக்கிச்சு. நமக்கும் நம்ம பேரப்பிள்ளைங்களுக்கும் அதுல ஒண்ணும் இல்ல.

ஆந்தைக்கண்:
பீட்டா விஷயம் புரிஞ்சுது. இது நல்ல பதில்.

சிலந்திவலை:
கணக்கன் சார், அப்படியே இன்னொண்ணு. "1970-ல இருந்து உலக விலங்குகள்ல 73% அழிஞ்சு போச்சு"ன்னு ஒரு படம் எல்லா குரூப்லயும் சுத்துது, அது சரியா? எங்க ப்ராஜெக்ட்ல போடலாம்னு இருக்கோம்.

கணக்கன்:
அப்படியே போடாதீங்க தம்பி, இல்ல தங்கச்சி, யாரா இருந்தாலும்.

அது டபிள்யூடபிள்யூஎஃப்ங்கிற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2024-ல வெளியிட்ட லிவிங் பிளானட் இண்டெக்ஸ் எண். அவங்க கண்காணிக்கிறது முதுகெலும்புள்ள விலங்கு மட்டும், 5,495 இனம், கிட்டத்தட்ட 35,000 கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டமும் 1970-ல இருந்து 2020 வரைக்கும் எத்தனை சதவீதம் கூடுச்சு குறைஞ்சுதுன்னு பாத்து, அந்த மாற்றங்களோட சராசரிதான் 73% சரிவு. மொத்த விலங்குல 73% செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல, 73% இனம் அழிஞ்சுதுன்னு சத்தியமா இல்ல.

சின்ன கணக்கு போட்டா தெரியும். ஒரு குளத்துல 10 தவளை இருந்தது 2 ஆச்சு, 80% சரிவு. பெரிய ஏரில 1,000 தவளை, அப்படியே 1,000. ரெண்டு சதவீதத்தையும் சாதாரணமா சராசரி பண்ணினா 40% சரிவு. மொத்தத் தவளைய எண்ணினா 1,010-ல இருந்து 1,002, ஒரு சதவீதம் கூட குறையல. அவங்க எடுக்கிற சராசரி முறை கொஞ்சம் வேற, ஆனா விஷயம் இதுதான். 2020-ல நேச்சர் இதழ்ல வந்த ஒரு ஆய்வு, மொத்தத்துல 3%-க்கும் குறைவான கூட்டங்கள்ல நடந்த கடும் சரிவுதான் உலக சராசரிய அவ்ளோ கீழ இழுக்குதுன்னு காட்டுச்சு.

இதை வச்சு பிரச்சினையே இல்லன்னு சொல்ல வரல, அப்படி யாராவது சொன்னா அதுவும் ஏமாத்து வேலைதான். அந்த சின்ன குளத்துத் தவளைக்கு அது உண்மையிலேயே 80% தான், அங்க இருந்த வேறுபாடு போனா போனதுதான். ஆனா "கண்காணிக்கப்பட்ட முதுகெலும்பி கூட்டங்களின் அளவு சராசரியாக 73% குறைந்துள்ளது"ன்னு முழுசா எழுதுங்க. நீளமா இருக்கும், பரவாயில்ல. தப்பா சுருக்கின எண்ணை யாராவது உடைச்சா, கூடவே உண்மையும் உடைஞ்ச மாதிரி மக்கள் நினைச்சிடுவாங்க.

கடல்நண்டு:
இதே மாதிரி தேனீ விஷயமும். "தேனீய காப்பாத்துங்க"ன்னு பெட்டி வாங்கி வைக்கிறாங்க, அதை பயோடைவர்சிட்டி வேலைன்னு போடுறாங்க. உலகத்துல தேனீ இனம் 20,000-க்கும் மேல, பெரும்பாலானது கூட்டமா வாழாதது, மண்ணுலயும் தண்டுலயும் தனியா கூடு கட்டுறது. பெட்டில வளக்குறது அதுல ஒரு சில இனம், அது வளர்ப்புப் பிராணி மாதிரி, பெட்டி எண்ணிக்கை உலக அளவுல அரை நூற்றாண்டா கூடித்தான் இருக்கு. ஒரு இடத்துல பெட்டி நிறைய வச்சா காட்டுத் தேனீக்கு பூ கிடைக்காம போகவும் வாய்ப்பு இருக்கு. தேனுக்காக வைங்க, மகரந்தச் சேர்க்கைக்காக வைங்க, நல்லது, ஆனா பேரை மாத்தி வைக்காதீங்க.

தட்டான்:
அமைப்புக்காரங்ககிட்ட பேசிட்டேன். வரிய இப்படி மாத்தச் சொல்லியிருக்கேன்: "நடப்பட்ட நிலத்தில் மரவகைகளின் எண்ணிக்கை இருமடங்காகியுள்ளது. புல், பூச்சி, பறவைகளின் நிலை இன்னும் கணக்கெடுக்கப்படவில்லை." ஒத்துக்கிட்டாங்க, அடுத்த நடவுக்கு முன்னாடி கணக்கெடுப்பு பண்ணணும்னும் பேச்சு வந்திருக்கு. தமிழ்ல எதைப் போடுறதுன்னு மட்டும் சொல்லுங்க. பல்லுயிர்ப் பெருக்கம், பல்லுயிரியம், உயிர்ப்பன்மயம், உயிரினப் பன்மைன்னு ஆளுக்கொண்ணு எழுதுறாங்க.

இலைநரம்பு:
நாலுமே புழக்கத்துல இருக்கு, எதை எடுத்தாலும் அறிக்கை முழுக்க ஒண்ணையே வைங்க. 'பெருக்கம்' மட்டும் எண்ணிக்கை கூடுறதுன்னு படிக்கிறவங்களை நினைக்க வைக்கும், அதனால நான் உயிர்ப்பன்மயம் போடுவேன். கூட அதிகரிச்சது, குறைஞ்சதுன்னு வந்தா எது அதிகரிச்சதுன்னு பக்கத்துலயே சொல்லிடுங்க, சிக்கல் வராது.

ஆந்தைக்கண்:
கடைசியா ஒண்ணு. இப்போ கம்பெனிங்க எல்லாம் பயோடைவர்சிட்டி கிரெடிட், நெட் கெய்ன்னு பேச ஆரம்பிச்சிருக்கு. கார்பன் மாதிரி ஒரு டன், ரெண்டு டன்னு இதை அளந்து வாங்கி விக்க முடியுமா? இவ்ளோ நேரம் நீங்க எல்லாரும் சொன்னதை வச்சுப் பாத்தா முடியாதுன்னுதான் தோணுது.

கணக்கன்:
நீங்க சொல்றதுதான் பெரிய சிக்கல். ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு எங்க குறைச்சாலும் காத்துக்கு ஒண்ணுதான். விக்டோரியா ஏரி சிக்லிட்டுக்கு பதிலா வேற ஏரில என்னத்த குடுப்பீங்க?

இருந்தாலும் முயற்சி நடக்குது. இங்கிலாந்துல 2024 பிப்ரவரில இருந்து பெரிய கட்டுமானம் பண்ணினா, முன்னாடி இருந்ததைவிட குறைஞ்சது 10% கூடுதலா காட்டணும்னு சட்டம். அதை எப்படி அளக்குறாங்கன்னா, இனத்தை எண்றதில்ல. வாழிடம் என்ன வகை, எவ்ளோ பரப்பு, என்ன நிலைமைல இருக்கு, அதுக்கெல்லாம் மதிப்பெண் போட்டு பெருக்கி ஒரு 'யூனிட்' வரும். எண்ணவே எண்ணாம இடிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல், அதை மறுக்கல. மரமோ புதரோ வளந்து அந்த மதிப்பெண்ணை உண்மையாக்க பல வருஷம் ஆகும், இடிக்கிறது ஒரே நாள் வேலை, அதான் என் கவலை. இதுக்காகவே 30 வருஷம் பராமரிக்கணும்னு அங்க விதி வச்சிருக்காங்க, முப்பது வருஷம் யாரு போய் பாக்கப் போறாங்கங்கிறதுல தான் எல்லாம் இருக்கு. 2022 டிசம்பர்ல பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் முடிவு பண்ண குன்மிங்-மான்ட்ரியல் இலக்குகள்ல 15-வது, பெரிய கம்பெனிங்க உயிர்ப்பன்மயத்தை எவ்ளோ நம்பி இருக்கு, எவ்ளோ பாதிக்குதுன்னு வெளிப்படையா சொல்ல வைக்கணும்னு நாடுகளுக்கு சொல்லுது. விக்கிறதவிட அந்த வெளிப்படைத்தன்மைல எனக்கு நம்பிக்கை கூட.

சிலந்திவலை:
ப்ராஜெக்ட்டுக்கு கடைசி கேள்வி, மொத்தம் எத்தனை இனம் இருக்குன்னு தெரிஞ்சாதானே எவ்ளோ அழியுதுன்னு சொல்ல முடியும்? அது தெரியுமா?

வேர்முடிச்சு:
பேர் வச்சது சுமார் 20 லட்சம். இருக்கிறது எத்தனைன்னா மதிப்பீடுதான். 1970-கள்ல டெர்ரி எர்வின்னு ஒரு பூச்சியியலாளர் பனாமா காட்டுல ஒரே வகை மரம், 19 மரத்தை தேர்ந்தெடுத்து உச்சி வரைக்கும் பூச்சிமருந்து புகை போட்டு, கீழ விரிப்பை விரிச்சு விழுந்ததை எல்லாம் சேகரிச்சார். வண்டு மட்டுமே சுமார் 1,200 இனம் வந்துச்சு. அந்த ஒரு வகை மரத்தையே நம்பி இருக்கிற வண்டு இத்தனை இருக்கலாம், வெப்பமண்டலத்துல மரவகை இத்தனைன்னு பெருக்கிப் பாத்து, பூச்சி மாதிரி கணுக்காலிகளே மூணு கோடி இனம் இருக்கலாம்னு 1982-ல எழுதினார். அதுக்கப்புறம் வந்தவங்க, ஒரு வண்டு ஒரே மரத்தை மட்டும் அவ்ளோ நம்பி இருக்கிறதில்லன்னு காட்டி எண்ணை நிறைய இறக்கிட்டாங்க. 2011-ல வந்த மதிப்பீடு, பாக்டீரியா மாதிரி செல்லுக்குள்ள உட்கரு இல்லாததை விட்டுட்டு, சுமார் 87 லட்சம், 13 லட்சம் முன்ன பின்ன. ஐபிபிஈஎஸ் 80 லட்சம்னு எடுத்துக்கிட்டு அதுல சுமார் 10 லட்சம் ஆபத்துல இருக்குன்னு சொல்லுது.

அதனால 'எத்தனை அழிஞ்சுது'ன்னு ஒத்தை எண்ணா எழுதாம, 'மதிப்பிடப்பட்ட 80 லட்சத்தில் சுமார் 10 லட்சம் அழியும் ஆபத்தில்'னு எழுதுங்க. வருஷம் 2019-ன்னு பக்கத்துலயே போட்டுடுங்க.